ஆயிரம் மீட்டருக்கு மேல் மரியாதை கிடையாது

செத்தவர் தலையில் மாட்டியிருந்த கேமராவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

ஹாம்பர்க்கிலிருந்து வந்த அந்தப் பல் டாக்டரைப் பனிச்சரிவு உருட்டிக்கொண்டு போய் ஆள் உயரத்துக்கு மூடிவிட்டது. ஹெல்மெட்டில் இருந்த கேமரா மட்டும் பேட்டரி தீரும்வரை இருட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் டிரோல் மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மலையைப் பார்ப்பதே இல்லை. மலையில் தங்கள் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறார்கள். இந்த ஒரு தடவை அந்தப் பைத்தியத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னொரு தடவை போடு, கோர்பி" என்றார் அம்மணி.

அம்மணி என்றால் க்ரெசென்ஸ் ப்ளாங்கர். இன்ஸ்ப்ரூக்கில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். கதவில் நுழையும்போது கொஞ்சம் திரும்பி நுழைவார். மூளை மட்டும் எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். நான் கோர்பினியன். கார் ஓட்டுவது, திட்டு வாங்குவது, அவர் மிச்சம் வைக்கும் பன்றிக்கறி உருண்டைகளைத் தின்று முடிப்பது என் வேலை. அவர் மிச்சம் வைத்ததே இல்லை என்பதால் மற்ற இரண்டும்தான் நடக்கின்றன.

ஹின்டர்ஃபெல்ட் ஊர்ச் சத்திரத்தில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள் வேஃபா லாடுர்னர். மலை வழிகாட்டி. டாக்டரை ஷ்வார்ஸ்கார் சரிவுக்குக் கூட்டிப் போனவள் அவள்தான். நாளைக் காலை அவளுடைய உரிமத்தைப் பறிக்கிறார்கள். அதற்குப் பிறகு கவனக்குறைவால் உயிரைப் பறித்த வழக்கு, ஜெயில்கூடக் கிடைக்கலாம். அழுது முடித்தவளின் முகம் இல்லை அது. அழ நேரம் கிடைக்காதவளின் முகம்.

நான் மடிக்கணினியில் படத்தை ஓட்டினேன். மூடுபனி. வேஃபாவின் முதுகு. அவள் தோளில் இருந்த வாக்கி-டாக்கியிலிருந்து ஒரு ஆண் குரல்:

"வேஃபா, இடது ஓரத்துல குழி வெட்டிப் பாத்தாச்சு. அடுக்கெல்லாம் கெட்டியா இருக்கு. இப்ப எதிர்க் கணவாய்ல நிக்கிறேன். ஓரமா நீங்க முதல்ல இறங்குங்க. உங்க விருந்தாளி பின்னால வரட்டும்."

அப்புறம் பனியின் சரசரப்பு. அப்புறம் ஒரு கத்தல். அப்புறம் இருட்டு.

"நான் ஓரமாதான் இறங்கினேன்" என்றாள் வேஃபா. "இந்தக் குரல்காரன், நான் நடுவுல இறங்கினேன்னு சொல்றான். படத்துல மூடுபனியைத் தவிர ஒண்ணும் தெரியல. எனக்குன்னு ஒரு குழி நானே வெட்டிப் பாத்திருக்கணும். வெட்டல. அந்தக் குரலை நம்பிட்டேன். அதுக்கு என்ன தண்டனைன்னாலும் வாங்கிக்கிறேன். ஆனா நடுவுல இறங்கல."

அம்மணி அந்தக் குரலின் கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் திரும்பக் கேட்டார். பிறகு உருண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். உருண்டையை அவர் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"பல்லுல மாட்டிக்கிச்சா அம்மணி? டாக்டர் வேற இப்ப இல்ல."

"வாயை மூடு. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனை வரச்சொல்லு."

வரச்சொல்ல வேண்டியிருக்கவில்லை. லியோன்ஹார்ட் க்ராஸ்மைர், ஊருக்கு ஹார்ட்டில், இன்ஸ்பெக்டர் தாலரோடு உள்ளே நுழைந்தான். பனிச்சரிவுக் குழுவின் உறுப்பினன். ஒவ்வொரு நாளும் காலையில் மேலே போய், பனியைத் தோண்டி, அடுக்குகளைத் தட்டிப் பார்த்து, இன்றைக்கு எந்தச் சரிவு ஆளைத் தின்னும், எது தின்னாது என்று சொல்வது அந்தக் குழுவின் வேலை. ஆபத்தின் அளவை ஐந்தில் இத்தனை என்று அறிவிப்பார்கள். மூன்று என்றால் 'கணிசமான ஆபத்து'. சுற்றுலாக் கூட்டமோ ஐந்துக்கு மூன்று என்றால் பாஸ் மார்க் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிடும். அன்றைக்கும் மூன்று.

ஹார்ட்டில் தொப்பியைக் கழற்றி வேஃபாவுக்கு ஒரு வணக்கம் வைத்தான். மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு குனிய மாட்டார்கள்.

"உங்களை இங்க பாப்பேன்னு நினைக்கல, ஃப்ராய்லைன் லாடுர்னர். நீங்க நல்லா இருக்கீங்களா?"

வேஃபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊரில் எல்லாரும் எல்லாரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள். பாதிரியாருக்கும் வரி அதிகாரிக்கும் மட்டும்தான் 'நீங்க'. இவர்கள் கதை வேறு. இரண்டு பேருக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. ஒரு மீட்பு வேலையில் ஹார்ட்டில் பாதி வழியில் திரும்பி வந்தான் என்று வேஃபா மோதிரத்தைக் கழற்றிவிட்டாள். அறுவடைத் திருவிழாவில், இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே, "கோழை" என்று மேடை கேட்கச் சொன்னாளாம். அன்றிலிருந்து ரொட்டிக் கடையிலும் சர்ச் வாசலிலும் அவளுக்கு 'நீங்க'தான். இந்த ஊரில் செருப்பால் அடிப்பதைவிட அது மோசம்.

அம்மணி ஒரு போட்டோவை மேஜையில் தள்ளினார். "நீங்க குழிக்குச் சாட்சியா குழுவுக்கு அனுப்பின படம் இது, ஹெர் க்ராஸ்மைர். குழிச் சுவர்ல பாருங்க, கோடு கோடா ஐஸ். வெயில் பட்டு உருகி, ராத்திரி இறுகின பனி. ஷ்வார்ஸ்கார் வடக்குப் பாத்த சரிவு. நவம்பர்லேர்ந்து அங்க வெயிலே விழல."

"படம் மாறிப்போச்சு" என்றான் ஹார்ட்டில், இமைக்காமல். "அதே நாள் எங்க மச்சான் ஹோட்டலுக்குப் பின்னாடி இருக்கிற மேட்டுலயும் குழி வெட்டினேன். அதை அனுப்பிட்டேன் போல. மனுஷன்தானே."

இன்ஸ்பெக்டர் தாலர் கைகளை விரித்தார். "இதை நானும் கேட்டுட்டேன் மேடம். படம் மாறினது குத்தமில்லையே. அதோட, இவர் சொன்ன ஓரம் இன்னும் அப்படியே நிக்குது. மிச்சச் சரிவு மொத்தமும் உடைஞ்சு போச்சு, இடது ஓரம் மட்டும் அசையல. அதைவிட என்ன சாட்சி வேணும்?"

"அதைத்தான் பாக்கணும்" என்றார் அம்மணி. "எல்லாருமா போய்ப் பாத்துட்டு வருவோம். வேஃபாவும்தான்."

"மேலயா? நீங்களா?" என்றேன். "அம்மணி, சரிவு ஏற்கெனவே ஒரு தடவை உடைஞ்சிருக்கு. உங்களையும் தாங்கணும்னா பாவமில்லையா?"

"நீ வண்டியை எடு."

பனியில் ஓடுகிற சங்கிலி வண்டி சத்திரத்தின் பின்னால் நின்றது. நான் ஓட்டினேன். அம்மணி என் பக்கத்தில் ஒன்றரை இடத்தை எடுத்துக்கொண்டார். பின்னால் தாலர், வேஃபா, ஹார்ட்டில். கயிறும் மண்வெட்டியும் அவர்கள் காலடியில் கிடந்தன.

மூன்றாவது வளைவில் ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது. அதன் சுவரில் யாரோ எப்போதோ 'ஆயிரம் மீட்டர்' என்று சுண்ணாம்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் ஹாரனை அடித்தேன். அடிக்காமல் எந்த ஓட்டுநரும் அதைத் தாண்டுவதில்லை.

"ஆச்சு, சென்ஸி" என்றேன் அம்மணியிடம். "இனிமே நீ சொல்றதை நான் கேக்கணும்னு இல்ல. கொஞ்சம் தள்ளி உக்காரு, கியர் போட முடியல."

"போடா வெங்காயம்" என்றார் அம்மணி.

"தாலர், உனக்குக் குளிருதா?" என்று திரும்பிக் கேட்டேன்.

"உன் வண்டி ஹீட்டர் மாதிரிதான் உன் மூளையும் இருக்கு கோர்பி, சத்தம் மட்டும் போடுது" என்றார் இன்ஸ்பெக்டர். கீழே இருந்தால் இதற்காக நான் அவர்மீது புகார் கொடுத்திருப்பேன்.

கோயிலைத் தாண்டினால் மந்திரியும் நீ, மாடு மேய்க்கிறவனும் நீ. கயிற்றின் ஒரு முனையில் ஒருத்தன் தொங்கும்போது மறுமுனையில் இருப்பவன் மரியாதை யோசித்துக்கொண்டிருக்க முடியாது என்பார்கள். வாய் தவறி முதலில் 'நீங்க' என்பவன் கீழே போய் எல்லாருக்கும் ஒரு சுற்று ஷ்னாப்ஸ் சாராயம் வாங்கித் தர வேண்டும். சின்ன வயதிலேயே நாக்கில் ஏறிவிடுகிற பழக்கம். ஹாரன் கேட்டால் நாக்கு தானாகத் திரும்பிக்கொள்ளும்.

பின்னால் ஹார்ட்டில் குனிந்தான். "வேஃபா, காலைத் தூக்கு. கயிறு உன் பூட்ஸ்ல சிக்குது."

அவள் காலைத் தூக்கினாள். அம்மணி கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தார். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. என் சம்பளம் அதற்கில்லை.

மலைக்குடிலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்கீ சறுக்குக் கட்டைகளின் அடியில் வழுக்காமலிருக்கத் தோல் ஒட்டிக்கொண்டு விளிம்புக்கு ஏறினோம். அம்மணி முனகாமல் ஏறினார். மூச்சு வாங்கியதெல்லாம் நான்தான்.

வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. கீழே ஷ்வார்ஸ்கார், நிழலில், நீலமாக. நடுவில் சுவரை வெட்டி எடுத்தாற்போல உடைந்த கோடு. அதற்குக் கீழே கட்டி கட்டியாகக் கொட்டிக் கிடந்தது டாக்டரைத் தின்ற பனி. இடது பக்கம் பாறைக்கு ஒட்டினாற்போல ஒரு பட்டை மட்டும் உடையாமல், வெள்ளை வெளேரென்று, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் போலத் தொங்கியது.

"அதோ நான் சொன்ன ஓரம்" என்றான் ஹார்ட்டில். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற குரல். "நடுவுல காத்து கொண்டுவந்து கொட்டின பனி, பலகை மாதிரி உக்காந்திருந்துச்சு. அதை ஒருத்தி மிதிச்சா உடையும். ஓரத்துல அப்படி இல்ல. குழியில நான் கையாலயே பாத்தேன். மேலேர்ந்து தரை வரைக்கும் கெட்டி."

"தரை வரைக்கும்?" என்றார் அம்மணி.

"தரை வரைக்கும். சத்தியமா."

"அன்னிக்கு இருந்த அதே பனிதானே? புதுசா எதுவும் விழலையே?"

"ஒரு துளி விழல. கெட்டியாதான் ஆகியிருக்கும்."

"கேட்டுக்க, தாலர்."

"கேட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்மணி வேஃபாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் ஏற்கெனவே பாறையில் ஆணி அடித்து, கயிற்றை அதில் கட்டி, இடுப்பில் மாட்டியிருந்தாள். கயிற்றின் நடுப்பகுதியை என் கையில் கொடுத்தாள். எதற்கென்று நான் கேட்பதற்குள், ஸ்கீயைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வெள்ளைப் பட்டையை நோக்கி நடந்தாள். விளிம்பில் நின்றாள். ஒரு காலைத் தூக்கினாள்.

"வேஃபா! நில்லு!"

கத்தியது ஹார்ட்டில். முகத்தில் ரத்தமே இல்லை.

"கால் வெக்காத! திரும்பி வந்துடு! அடியில முழுக்க சர்க்கரை!"

அவன் குரல் எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. வேஃபா மெல்லப் பின்வாங்கிப் பாறைமேல் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த பிறகும் என் விரல்கள் கயிற்றை விடவில்லை. குளிர்தான் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன்.

சர்க்கரை என்றால் மலையில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். முதல் பனி நவம்பரிலேயே மெலிசாக விழுந்து, வாரக்கணக்கில் கடுங்குளிரில் கிடந்தால், ஒட்டுகிற குணம் போய்ச் சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும். அதன்மேல் பிறகு எவ்வளவு கெட்டியான பனி விழுந்தாலும், சர்க்கரை கொட்டிய மேஜையில் கண்ணாடித் தட்டை வைத்த கதைதான். ஓரத்தில் கால் வைத்தாலும் அடியில் சர்க்கரை நொறுங்கி, நடுவில் இருக்கும் பலகை உடைந்து வழுக்கிவிடும்.

அம்மணி ஆப்பிளின் காம்பை வீசிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"தரை வரைக்கும் கெட்டின்னு சத்தியம் பண்ணி வாய் மூடல. அதுக்குள்ள சர்க்கரை எங்கேர்ந்து வந்துச்சு, ஹார்ட்டில்?"

"அது... அவ விழுந்துடுவாளோன்னு பதட்டத்துல..."

"பதட்டத்துல வர்றதுதான் உண்மை. இன்னொண்ணும் வந்துச்சு, கவனிச்சியா? நில்லு. வெக்காத. வந்துடு."

"அதுல என்ன?"

"கீழ சத்திரத்துல 'நீங்க நல்லா இருக்கீங்களா'ன்னு குனிஞ்சே. மாதா கோயிலைத் தாண்டினதும் 'காலைத் தூக்கு'ன்னே. இப்ப 'நில்லு'ன்னு கத்தினே. கோயிலுக்கு மேல உன் நாக்குக்கு இவ நீதான். கல்யாணம் நின்னாலும் சரி, கொலையே நடந்தாலும் சரி." அம்மணி என் பக்கம் திரும்பினார். "அந்தக் குரலைப் போடு, கோர்பி."

போனில் பதிந்து வைத்திருந்தேன். அந்தப் பனி வெளியில் ஹார்ட்டிலின் குரல் எல்லாருக்கும் கேட்டது: *இப்ப எதிர்க் கணவாய்ல நிக்கிறேன். ஓரமா நீங்க முதல்ல இறங்குங்க.*

எனக்கு இப்போதுதான் உறைத்தது. தாலர் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "அட எழவே" என்றார். முப்பது தடவை அதைக் கேட்ட இன்ஸ்பெக்டர். நானும் அவரும் மலையில் பிறந்தவர்கள் என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம்.

"ரெண்டு பேருக்கும் சேத்துச் சொன்னேன்" என்றான் ஹார்ட்டில் அவசரமாக. "அவளும் டாக்டரும். அதான் நீங்க."

"'நீங்க முதல்ல, உங்க விருந்தாளி பின்னால'ன்னு சொல்றே. டாக்டருக்கு ஏது விருந்தாளி? அவர்தான் விருந்தாளி."

"சரி, கோபம். இவமேல இருந்த கோபத்துல மேலயும் நீங்கன்னுட்டேன்."

"நானும் அன்னிக்கு அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் வேஃபா பாறைமேலிருந்து. "மலைக்கும் சண்டையைத் தூக்கிட்டு வந்துட்டானேன்னு எரிச்சலா இருந்துச்சு. அந்த எரிச்சல்ல வேற எதையும் யோசிக்கல."

"அப்படின்னா இன்னிக்கு எங்க போச்சு அந்தக் கோபம்?" என்றார் தாலர். "நாளைக்கு உன்னால இவ உரிமமே போகப்போகுது. ஒரே வண்டியில முட்டியோட முட்டி இடிச்சிக்கிட்டு வந்தே. அப்பவும் நீதான் வந்துச்சு." அவர் நெருங்கி வந்தார். "நீ கணவாய்ல நிக்கல. கோயிலுக்குக் கீழ எங்கேயோ உக்காந்துக்கிட்டுப் பேசியிருக்கே. எங்க?"

ஹார்ட்டில் பனியைப் பார்த்தான்.

"மச்சான் ஹோட்டல்ல."

"சாப்பாட்டு அறையிலயா?"

"...ஆமா."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கிற விஷயமில்லை, ஆனால் வேறு என்ன செய்ய? ஒருத்தி மூடுபனியில் நின்று வழி கேட்கிறாள், இவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே வழி சொல்லியிருக்கிறான். "முட்டையா, பன்றிக்கறியா?" என்று கேட்டேன். "அறிக்கையில எழுதணும்ல."

"படுக்கையை விட்டு எழ முடியாத சோம்பேறி" என்றார் தாலர். "ஹோட்டலுக்குப் பின்னாடி வெயில் மேட்டுல ரெண்டு தடவை மண்வெட்டியைப் போட்டுப் படம் எடுத்துட்டு..."

"இல்ல தாலர்" என்றார் அம்மணி. "சோம்பேறின்னா பரவாயில்ல. சோம்பேறிக்கு அடியில சர்க்கரை இருக்குன்னு தெரியாது."

அம்மணி ஹார்ட்டிலின் பக்கத்தில் போய் நின்றார். அவர் குரல் தணிந்திருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மணி கத்தும்போதுதான் பிழைக்க வழி உண்டு.

"முந்தின நாள் இங்க வந்தே. அப்படித்தானே?"

ஹார்ட்டில் ஸ்கீ கம்பை மாற்றி மாற்றிப் பிடித்தான்.

"அந்தப் பாறைக்கிட்ட, ஓரத்துலதான், முதல் கால் வெச்சேன். 'வும்'னு ஒரு சத்தம். மொத்தச் சரிவும் அடியில ஒரு இன்ச் இறங்கினது கால்ல தெரிஞ்சுது. உங்களுக்கெல்லாம் தெரியும் அந்தச் சத்தம். திரும்பிட்டேன். குடில் வரைக்கும் நிக்கவே இல்ல."

"குழுவுக்கு ஏன் சொல்லல? ஆபத்துன்னு சொன்னா மச்சான் ஹோட்டல் கூட்டம் கிளம்பிடும்னா?"

"அதுக்காக மட்டும் இல்ல." அவன் முதல் தடவையாக வேஃபாவைப் பார்த்தான். "மறுநாள் காலைல வாக்கி-டாக்கியில கூப்பிட்டது இவ. 'மேலதானே நிக்கிறே, எப்படி இருக்கு'ன்னு இவ கேக்குறா. நான் என்ன சொல்றது? பயந்து திரும்பிட்டேன், இன்னிக்குப் போகவே இல்லன்னா? இவகிட்டயா? ஓரம் தாங்கும்னு நினைச்சேன். தாங்கும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்."

அவ்வளவுதான். ஒரு திருவிழாவில் ஒரு பெண் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு பல் டாக்டர் செத்துப்போனார். நான் ஒரு கிண்டல் தயாராக வைத்திருந்தேன். அதை மூட்டை கட்டி வைத்தேன்.

வேஃபா இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். நிதானமாகச் சுருட்டினாள். ஹார்ட்டிலுக்கு எதிரே வந்து நின்றாள். அறையப் போகிறாள் என்று நினைத்துத் தாலர் ஒரு அடி நகர்ந்து வழிவிட்டார்.

"அந்தச் சத்தம் கேட்டா நானும் திரும்பி ஓடியிருப்பேன்" என்றாள். "இந்த ஊர்ல எல்லாரும் ஓடியிருப்பாங்க. அன்னிக்கு நீ பண்ணினதுலயே சரியான காரியம் அது ஒண்ணுதான். அதைப் போயா மறைச்சே?"

ஹார்ட்டிலின் கண் நிறைந்தது. "வேஃபா..." என்று கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றி, அவன் சத்திரத்தில் குனிந்த அளவுக்கே குனிந்தாள்.

"நீங்க கீழ இறங்கலாம், ஹெர் க்ராஸ்மைர்."

காற்றுகூட இல்லை. நாங்கள் நின்ற இடம் மாதா கோயிலுக்கு எவ்வளவோ மேலே. ஹார்ட்டில் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான்; யாராவது ஒருத்தர் வேஃபாவின் வாய் தவறிவிட்டது என்று சொல்ல மாட்டார்களா என்று. தாலர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். அம்மணி மலையைப் பார்த்தார். நான் கயிற்றைப் பைக்குள் வைத்தேன்.

அவன் திரும்பி இறங்க ஆரம்பித்தான். யாரும் ஷ்னாப்ஸ் கேட்கவில்லை.